காவிரிப் பாலத்திலிருந்து மலைக்கோட்டை

திருச்சிக்கு வடக்குப் பார்த்த முகம். காவிரிப் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நின்றோ, ஸ்ரீரங்கக் கரையில் அம்மா மண்டபத்துப் படியில் நின்றோ தெற்கே திரும்பினால் அந்த முகம் முழுதாகத் தெரியும். கீழே ஆறு. ஆற்றை ஒட்டிச் சிந்தாமணி, ஓடத்துறை. அவற்றுக்குப் பின்னால் கடைவீதிகள். அத்தனைக்கும் மேலே 83 மீட்டர் உயரத்தில் ஒற்றைப் பாறை. இடையில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார். வலப்பக்கம் சற்றுத் தள்ளி லூர்து அன்னை ஆலயத்தின் கூர்ந்த கோபுரம். பஸ் கம்பெனி காலண்டரிலிருந்து பாத்திரக்கடைப் பை வரை, இந்த ஊர் தன்னைக் காட்டிக்கொள்ள இந்தக் காட்சியைத்தான் எடுத்து வைத்திருக்கிறது.

எண்பதுகளில் கேமராவைத் தொட்ட நாளிலிருந்து நானும் இதைத்தான் எடுத்துவருகிறேன். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பார்ப்பவர்கள் முதலில் சொல்வது, "எவ்வளவு கட்டடம் வந்துடுச்சு!" என்பதுதான். வந்திருக்கிறது, உண்மை. ஆனால் படத்தைக் குறுக்காக மடித்து மேல்பாதியைத் தனியாகவும் கீழ்ப்பாதியைத் தனியாகவும் பார்க்க வேண்டும். மேல்பாதியில் ஊர் வளர்ந்திருக்கிறது; பாறை இருந்த இடத்தில் இருக்கிறது. கீழ்ப்பாதியில் அன்று இருந்த ஆறு வேறு, இன்று இருக்கும் ஆறு வேறு. பெரிய மாற்றம் நடந்தது கீழே. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

இந்தக் காட்சியை முதலில் பிடித்தவர்கள் கேமராக்காரர்கள் அல்ல, ஓவியர்கள். தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் இருவரும் 1792இல் இந்தப் பக்கம் வந்தார்கள். காவிரியிலிருந்து பார்த்த மலைக்கோட்டையை வரைந்து, 1798இல் அச்சுப்படமாக வெளியிட்டார்கள். அப்போது பாறையைச் சுற்றிக் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. மதில் பின்னால் இடிக்கப்பட்டது. அகழி தூர்ந்து மேலப்புலிவார்டு ரோடும் கீழப்புலிவார்டு ரோடும் ஆயிற்று. மெயின் கார்டு கேட் ஒன்றுதான் மிச்சம்.

அடுத்து வந்தவர் லின்னேயஸ் டிரைப். சென்னை அரசாங்கம் புகைப்படம் எடுப்பதற்கென்றே நியமித்த ராணுவ அதிகாரி. சாமான்களை மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு 1858இன் தொடக்க மாதங்களில் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மெழுகு பூசிய தாளில் பெரிய பெரிய நெகட்டிவ்கள். அந்தக் காலத்து ரசாயனப் பூச்சுக்கு நீலம் மட்டும்தான் நன்றாக உறைக்கும். அதனால் நம் ஊர் வானம் மொத்தமும் அதில் வெறும் வெள்ளையாகவே விழும். டிரைப் நெகட்டிவின் மேலேயே கையால் மேகம் தீட்டினார். இன்றைக்குச் செல்போனில் ஒரு விரல் தட்டினால் வெளிர்ந்த வானம் போய்ச் செவ்வானம் வந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றல்ல. டிரைப்பின் கருவிக்கு மேகம் தெரியவில்லை. கண் பார்த்ததைக் கை கொண்டு ஈடுசெய்தார். நம் கையில் இருக்கும் கருவிக்கு எல்லாம் தெரிகிறது. தெரிந்ததைத் துடைத்துவிட்டு வேறெதையோ ஒட்டுகிறோம். சித்திரை மாதத்துப் புழுதி வானமும் இந்த ஊரின் வானம்தான். அதை மாற்றினால் மாதமே மாறிவிடும். 1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்த டிரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று டிரைப்பின் வேலையை நிறுத்திவிட்டார். அந்தச் செலவின் பலனை இன்றைக்கும் நாம் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

பாலத்தில் நின்று எதிர்ப்புறம், அதாவது வடக்கே திரும்பினால் மேல்பாதியின் மிகப் பெரிய மாற்றம் தெரியும். 1979க்கு முன்னால் எடுத்த எந்தப் படத்திலும் ஸ்ரீரங்கத்தின் ராஜகோபுரம் கிடையாது. பல நூற்றாண்டுகளாக அடித்தளத்தோடு நின்றுபோன மொட்டைக் கோபுரம்தான் தெற்கு வாசலில் இருந்தது. அகோபில மடத்து 44ஆவது ஜீயர் முன்நின்று நடத்த, 1979இல் தொடங்கி எட்டே ஆண்டுகளில் 13 நிலை, 236 அடி எழும்பியது. தென்னந்தோப்புகளுக்கு மேல் சாரம் கட்டிய கோபுரம் மாதத்துக்கு மாதம் உயர்ந்ததைத் தன் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஓர் ஊரின் வான்வரையில் பழமையானது போலத் தெரிவதும் ஒருவேளை நம் காலத்தில் வந்ததாக இருக்கலாம். பழைய படத்துக்கு ஆண்டு போட இந்தக் கோபுரம் எனக்கு இன்றும் உதவுகிறது.

இனி வெயில். இந்தக் காட்சியைப் பருவந்தோறும் எடுக்கிறவர்களுக்குச் சூரியன் எங்கே நிற்கிறது என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் நான் படித்த பள்ளிக்கூடம் தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த ஒரு ஸ்டூடியோ. அதை நடத்திய பெரியவர் ஒரு நாள் என் பிரிண்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தை மாசத்துல போயி எடுத்தா மல கறுப்பாத்தான் வரும். ஆடியில போ. மல மூஞ்சியில வெயில் விழும்."

"ஏன் ஐயா, ரெண்டும் அதே வெயில்தானே?"

"அதே வெயில்தான். நிக்கிற இடம் வேற."

அவர் சொன்னது வானசாஸ்திரம். திருச்சி நிலநடுக்கோட்டுக்கு 11 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வடக்கே இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஆடியில் காலை வெயில் வடகிழக்கிலிருந்தும் மாலை வெயில் வடமேற்கிலிருந்தும் சாய்ந்து, பாறையின் வடமுகத்தில் நேராக விழும். மடிப்பு, விரிசல், வெள்ளை வர்ணம் அடித்த சுவர் எல்லாம் தெளிவாகத் தெரியும். மார்கழியில் சூரியன் தெற்கே போய்விடும். வடமுகம் நாள் முழுக்க நிழலில்தான் இருக்கும். அப்போது மலைக்கோட்டை வெறும் கோட்டுருவம். உதயம் நடக்கும் இடம் ஆனி மாதத்துக்கும் மார்கழிக்கும் இடையே ஏறக்குறைய 48 டிகிரி நகர்கிறது. நூறாண்டு முன்னாலும் இதுதான், இன்றும் இதுதான். இந்த ஊரின் படத்தில் மாறாதவை இரண்டு: பாறை, அதன் மேல் விழும் வெளிச்சத்தின் கணக்கு.

ஆற்றுக்கு அப்படி ஒரு கணக்கு இருந்தது. இப்போது இல்லை.

மேட்டூர் அணை 1934இல் வந்தது. அதற்கு முன் காவிரிக்குப் பருவம் என்றால் குடகு மலையின் தென்மேற்குப் பருவமழை. அணை வந்த பிறகு பருவம் மதகுக்குள் போயிற்று. ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல் என்று நாட்காட்டியில் குறித்துவைக்கலாம். என் இளமைக்காலத்தில் திருச்சியில் புதுத்தண்ணீர் வருவதை ஒரு விசேஷம் போல ஊர் பேசும். கம்பரசம்பேட்டைப் பக்கம் வந்துவிட்டதாம் என்று காலையில் சேதி வந்தால், மாலையில் பாலத்தில் கூட்டம் நிற்கும். நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு செம்மண் நிறத்தில் ஒரு விளிம்பு மணலின் மேல் ஊர்ந்து வரும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அந்தச் சிவப்பு வராது. ஊட்டியின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த இந்து ரோல்தான் அன்று எங்கள் கைக்கு எட்டியது. மஞ்சள் ஃபில்டர் போட்டு வானத்தைக் கொஞ்சம் இருட்டாக்கினால் தண்ணீர் எடுப்பாக வரும். அவ்வளவுதான் வித்தை.

அந்தத் தேதிகள் பிறகு கலைந்தன. எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் கர்நாடகத்தில் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணைகள் வந்தன, வழக்கு நீண்டது, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டிய தண்ணீரை 177.25 டி.எம்.சி. என்று தீர்த்தது. படம் எடுப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். மேட்டூர் திறந்த தேதிகளைப் பாருங்கள்: 2012இல் செப்டம்பர் 17, 2016இல் செப்டம்பர் 20, 2017இல் அக்டோபர் 2, 2022இல் மே 24, 2024இல் ஜூலை 28. ஆடி மாதம் என்று சொன்னால் மனதில் வரும் படமும் ஆற்றில் இருக்கும் படமும் ஒன்றாக இருக்கும் என்று இனி யாரும் உறுதி சொல்ல முடியாது.

2017 ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்துப் படிகளுக்குக் கீழே மணல். பெண்கள் வந்தார்கள். முளைப்பாரி, கருகமணி, காதோலை, சித்திரான்னம் எல்லாம் வந்தன. ஆறு மட்டும் வரவில்லை. அடுத்த ஆண்டு அதே ஆடி முடிகிற சமயம், மேட்டூரிலிருந்து விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி அளவில் தண்ணீர் வந்தது. 1928இல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில், ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய மேலணையின் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது உடைந்து போயின. 2024 வெள்ளத்தில் கொள்ளிடத்தில் நின்ற உயர் அழுத்த மின்கோபுரம் சாய்ந்தது. 2017 ஆடியிலும் 2018 ஆடியிலும் ஒரே படிக்கட்டில் நின்று எடுத்த இரண்டு படங்களை ஒரே ஆற்றின் படங்கள் என்று வெளியூர்க்காரர் நம்பமாட்டார். ஓட்டம் கூடிக் குறைவது ஆற்றின் இயல்புதான். ஆனால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஒன்றுமில்லாமல் கிடந்து, பிறகு பாலத்தை அடித்துக்கொண்டு போகும் ஆற்றைப் பெருக்கு என்று கும்பிடுவதா, அஞ்சுவதா என்று கரையில் நிற்பவர்களுக்கே தெரியவில்லை.

ஐப்பசி இன்றும் நல்ல மாதம். மழை புழுதியைக் கழுவிவிடும். துலா ஸ்நானத்துக்கு விடிவதற்கு முன்பே படித்துறை நிரம்பிவிடும். ரங்கநாதருக்குத் தங்கக் குடத்தில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு யானை கோயிலுக்குத் திரும்பும். கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் பெரிய கொப்பரையில் விளக்கு ஏற்றுவார்கள். ஊரில் வெளிச்சம் குறைவாக இருந்த காலத்தில், ஆற்றின் இக்கரையிலிருந்து பார்த்தால் கறுத்த பாறையின் மேல் அது ஒன்றுதான் ஒளி. இப்போது பாறையையே வண்ண விளக்கால் நனைத்துவிடுகிறார்கள். கடைகளின் எல்.இ.டி. பலகைகளும் சேர்ந்துகொள்ளும். தீபத்தைப் படத்தில் தேட வேண்டியிருக்கிறது. அந்த ஓர் இரவுக்காவது மின்விளக்குகளை அணைத்துவைத்தால் கோயிலுக்கும் அழகு, ஊருக்கும் அழகு. கேட்டால் செய்யக்கூடிய காரியம்தான்.

மார்கழி, தை மாதங்களில் ஆறு இளைத்துப் பல கிளையாகப் பிரிந்து ஓடும். காலையில் ஆற்றின் மேல் பனி. அதற்கு மேல் பாறை மிதப்பது போல இருக்கும். இந்தப் படம் எல்லோரிடமும் இருக்கிறது. அதனால் இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

நான் நிறைய நேரம் நிற்பது பங்குனி, சித்திரையில். படக்காரர்கள் பாலத்துக்கே வராத மாதங்கள் அவை. எண்பதுகளில் எடுத்த கோடைப் படங்களில் ஆற்றின் முழு அகலத்துக்கும் மணல். வெள்ளையும் இல்லாத பழுப்பும் இல்லாத ஒரு நிறம், மாலையில் ரோஜா நிறமாக மாறும். மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டுகொள்ளும் பெண்கள். முழங்கை ஆழத்தில் தெளிந்த தண்ணீர். பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். துணி வெளுப்பவர்கள் வரிசையாகக் கயிறு கட்டிக் காயப்போடுவார்கள். சாயங்காலமானால் குடும்பம் குடும்பமாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்குவார்கள். தண்ணீர் இல்லாத காவிரியும் காவிரியாகத்தான் இருந்தது. மணல் தண்ணீரை மடிக்குள் வைத்திருந்தது.

இன்றைய கோடைப் படத்தில் நடு ஆற்றில் நாணல் காடு. சீமைக்கருவேலம். மணல் போன இடத்தில் களிமண்ணும் பாறைத் துண்டும் தலைகாட்டுகின்றன. வட்டமான நீர்சேகரிப்புக் கிணறுகள் சிமெண்ட் கோபுரங்களாக எழுந்து நிற்கின்றன. திருச்சிக்கு மட்டுமல்ல, ராமநாதபுரம் வரைக்கும் குடிநீர் இந்தப் பக்கத்து ஆற்றுப்படுகையிலிருந்துதான் போகிறது. அது நியாயமான தேவை, குறை சொல்லமாட்டேன். கரையோரம் ஊரின் கழிவுநீர் பச்சையாகத் தேங்கி நிற்பதற்கு அப்படி ஒரு நியாயமும் இல்லை. மணல் போனதற்கு இரண்டு காரணம். மேலே அணைகள் வண்டலையும் மணலையும் தடுத்து நிறுத்திவிடுகின்றன. புதிய மணல் வரத்து குறைந்துபோயிற்று. இருந்ததைப் பல ஆண்டுகளாக லாரி லாரியாக அள்ளினார்கள். மணல் இறங்கினால் பாலத்துத் தூண்களின் அடிப்பாகம் வெளியே தெரியும், கிணற்று நீர்மட்டம் இறங்கும், மண்ணில் களை பிடிக்கும். மேல்பாதியில் உயர்ந்திருக்கும் ஒவ்வொரு அடுக்குமாடிக்கும் மணல் ஏதோ ஓர் ஆற்றிலிருந்து வந்ததுதான். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே கதை என்று நான் நினைப்பது அதனால்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்கள் ஒரு நுணுக்கத்தை மனதில் வைக்க வேண்டும். செல்போனின் சாதாரண லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. பழைய கேமராவின் 50 மிமீ லென்ஸில் தெரிந்த உயரத்தில் பாதிதான் அதில் பாறை தெரியும். ஆறும் வானமும் விரியும், மலை சிறுத்துப்போகும். "மலைக்கோட்டையே கட்டடத்துக்குள்ள முங்கிப்போச்சு" என்று இளைஞர்கள் சொல்வதில் ஒரு பங்கு இந்த லென்ஸின் வேலை. இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் பழைய படத்தோடு ஏறக்குறையப் பொருந்தும். அப்படிப் பொருத்திப் பார்த்தாலும் தெரிவது இது: பாறையின் அடிவாரம் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விட்டது, தோளும் தலையும் இன்னும் மிச்சம்.

அந்த மிச்சத்துக்குக் காவல் இல்லை என்பதுதான் என் கவலை. பாதுகாக்கப்பட்ட தொல்சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்று மத்திய சட்டம் சொல்கிறது. அது சின்னத்தின் அருகாமையைக் காக்கும். தூரத்திலிருந்து பார்க்கும் பார்வையைக் காக்காது. ஆற்றங்கரையில் ஓர் உயரமான கட்டடம் வந்து, சட்டம் ஒன்றும் மீறப்படாமலே மலை மறைந்துபோகலாம். லண்டனில் 1930களின் கடைசியிலிருந்தே செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் தேம்ஸ் கரையிலிருந்து தெரியும்படி சுற்றியுள்ள கட்டடங்களுக்கு உயர வரம்பு வைத்திருக்கிறார்கள். பல்லவர் குடைவரையும் நாயக்கர் காலத்துச் சுவரும் ஒரே பாறையில் சுமக்கும் ஊருக்கு அந்த அளவாவது செய்யக்கூடாதா? அம்மா மண்டபத்திலிருந்தும் பாலத்திலிருந்தும் மலையைப் பார்க்கும் பார்வைக் கோட்டை நகரின் முழுமைத் திட்டத்தில் வரைந்து, அதற்குள் வரும் கட்டடங்களுக்கு உயரம் நிர்ணயிக்க வேண்டும். 1976இல் திறந்த பாலத்துக்குப் பக்கத்தில் புதிய பாலம் கட்டத் தொடங்கினார்கள். அதில் நடைபாதையும், நின்று பார்க்க ஓர் இடமும் தெற்குப் பார்த்து அமைய வேண்டும்.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளம் வந்தால் எல்லோரும் எடுக்கிறோம். அந்தப் படங்களை மட்டும் சேர்த்துவைத்தால் ஐம்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவர்கள், காவிரி எப்போதும் கரைபுரண்டதாக நினைத்துக்கொள்வார்கள். பங்குனியிலும் அதே இடத்துக்குப் போங்கள். அதே உயரத்தில், அதே லென்ஸில், நாணலையும் கழிவுநீரையும் வெட்டிவிடாமல் எடுங்கள். தேதியையும், அன்று மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீரின் அளவையும் படத்தோடு எழுதிவையுங்கள். அது நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. வீட்டுப் பரணில் பழைய ஆல்பம் இருந்தால், ஆற்று மணலில் உட்கார்ந்து எடுத்த குடும்பப் படம் ஒன்றாவது அதில் இருக்கும். முகங்களுக்குப் பின்னால் இருக்கும் ஆற்றைப் பாருங்கள். எடுத்த ஆண்டைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் எழுதிவிடுங்கள்.